நிலாவில் நாலு டேமேஜ்

"மூவாயிரத்து இருநூறு பீஸும் ரிஜெக்ட்" என்றாள் பாண்டியம்மாள்.

சிவராஜ் ஒரு பீஸை எடுத்துப் புரட்டினான். "தையல்ல கோளாறுங்களாக்கா?"

"தையல் சுத்தம். பிரிண்டுதான் டேமேஜு. ஒண்ணு ரெண்டு இல்ல தம்பி, நாலு."

நல்லூரில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் சிவராஜ் சூப்பர்வைசர், பாண்டியம்மாள் செக்கிங். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டியும் லாரி ஏறக்கூடாது என்பது வெளிநாட்டுப் பார்ட்டியின் கண்டிஷன். ஐந்து மணிக்கு லாரி. சரக்கு ஏறாவிட்டால் பழையபடி சோமனூர் தறிக்கே போய்ச் சேர் என்று முதலாளி காலையிலேயே வாழ்த்தியிருந்தார்.

பனியனின் நெஞ்சில் நிலா. அதன்மேல் விண்வெளி உடுப்பில் ஓர் ஆள், பக்கத்தில் கொடி, பின்னால் அவன் வந்திறங்கிய, தங்கத் தாள் சுற்றிய வண்டி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அங்கேயே எடுத்த போட்டோ. அதில்தான் பாண்டியம்மாள் நாலு இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்.

"வானத்துல ஒரு நட்சத்திரங்கூட இல்ல. பிரிண்டிங்காரன் ஒரு கலரை விட்டுட்டான்."

"போட்டோவே அப்படித்தானுங்க்கா."

"யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று சிவராஜுக்கும் தெரியாது. மாடியில் இருந்த ஆபீஸுக்கு ஓடினான். கம்ப்யூட்டர் பார்க்கும் தமிழ்மதி இன்டர்நெட்டில் தேடிச் சொன்னாள். மறப்பதற்குள் இறங்கி வந்து ஒப்பித்தான்.

"அங்க அப்பப் பகலுங்க. தரை வெயில்ல பளபளன்னு இருக்குது. அந்த வெளிச்சத்துக்குக் கேமராவை வெச்சா நட்சத்திரம் விழுகாதுங்க."

"பகல்னா வானம் ஏன் கருப்பா இருக்கு?"

மறுபடி மாடி. மறுபடி இறக்கம். "அங்க காத்தே இல்லீங்க்கா. அதனால கருப்புங்க."

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"காத்து இல்லையா?" பாண்டியம்மாள் இரண்டாவது ஸ்டிக்கரில் விரலை வைத்தாள். "அப்பக் கொடி எப்படி ஆடுது?"

மிஷின் சத்தம் கொஞ்சம் குறைந்தது. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் காதைக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சிவராஜ் ஏறி இறங்கி வந்தான்.

"ஆடலீங்க. மேல ஒரு கம்பி கோத்திருக்குது. மடிச்சுக் கொண்டுபோன துணிங்க, அந்தச் சுருக்கந்தான் அப்படித் தெரியுது."

"சுருக்கமா? அயர்ன் பண்ணாமயா அனுப்புனாங்க? நாம அம்பது ரூவா பனியனுக்கே ஸ்டீம் அயர்ன் போட்டுத்தான் பொட்டியில வைக்கிறோம். நிலாவுக்குப் போற துணியை அப்படியா பேக்கிங் பண்ணுவாங்க?"

"அதானே" என்று ஓவர்லாக் ஆஷா மிஷினை நிறுத்தினாள். அவளைப் பார்த்து வரிசையே நின்றது. தைத்த சரக்கைக் காப்பாற்றப் போய், இப்போது தைக்கவும் ஆளில்லை.

பாண்டியம்மாள் மூன்றாவது ஸ்டிக்கருக்கு வந்தாள். "இது என்ன வண்டி? கல்யாண மேடையில ஜிகினாத்தாள் ஒட்டுன மாதிரி. ஒட்டுன டேப்புகூடத் தெரியுது."

சிவராஜ் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். ஏறி இறங்கி வந்தான்.

"தாள் வந்து சூடு தாக்காம இருக்கறதுக்குங்க. காத்தில்லாத ஊர்ல காத்தைக் கிழிச்சுட்டுப் போக வேண்டியதில்லீங்களே, அதனால வண்டி எந்த ரூபத்துலயும் இருக்கலாம். வெயிட்டுக் குறையோணும்னு சில இடத்துல நம்ம அட்டைப்பொட்டி கனங்கூட இல்லாமப் பண்ணீருக்காங்க."

"அட்டைப்பொட்டியைவிட மெலிசான வண்டியிலயா ஆளை ஏத்துனாங்க?" பாண்டியம்மாள் மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். நிலாவுக்கு ஆள் போனதையே ஒருத்தியும் நம்பவில்லை. சிவராஜுக்கே இப்போது நம்பிக்கை இல்லை.

"கடைசியா இந்தாளு உடுப்பு. ரெண்டு சைஸ் பெருசு. எவன் தைச்சான் இதை?"

சிவராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மணி நாலு. இந்தத் தடவை தமிழ்மதியே தாளோடு இறங்கி வந்தாள்.

"எவனுமில்லீங்க்கா, பொம்பளைங்க தெச்சதுங்க. பொம்பளைங்களுக்கு உள்ளாடை தைக்கற கம்பெனியில, மிஷின்ல ஒக்காந்து, நம்மளாட்டத்தான்."

பாண்டியம்மாள் பனியனைக் கையில் எடுத்தாள்.

"உள்ளாடைக் கம்பெனியா?"

"ஆமாங்க. உள்ள காத்து அடைச்சிருக்கறதுனால உப்பித் தெரியுதுங்க. ஒரு குண்டூசி தங்கீருந்தாலும் ஆளு உசுரு போயிருமுன்னு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்களாமா."

"எக்ஸ்ரேயா." பாண்டியம்மாள் குரல் தழைந்தது. "அப்பச் செக்கிங்ல நின்னவ கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுல்ல பாத்திருப்பா. அவ பாஸ் பண்ணுன உடுப்பு போகாம இருக்குமா?"

நாலு ஸ்டிக்கரையும் அவளே பிய்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்மள மாதிரி ஒருத்தி தைச்சது நிலாவுல நடந்திருக்கு. இனிமே ஆளே போகலைன்னு எவனாச்சும் எம் முன்னாடி வந்து சொல்லட்டும், அவன் வாயைத் தைச்சிர்றேன்."

ஆஷா கைதட்டினாள். மிஷின்கள் ஓடத் தொடங்கின. சிவராஜ் தமிழ்மதியைக் குலதெய்வத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

நாலே முக்காலுக்குப் பார்ட்டியின் உள்ளூர் ஏஜெண்ட் குமாரவேல் ஒரு பண்டலோடு வந்தான். ஒவ்வொரு பனியனுக்கும் ஒன்றாகப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டிய அட்டை டேக். அதையும் சரிபார்த்துவிட்டால் கையெழுத்துதான் பாக்கி. பாண்டியம்மாள் ஒரு டேக்கை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். அச்சு சுத்தம், ஓட்டை சரியான இடத்தில் இருந்தது. பேனாவைத் திறந்தாள்.

"நமக்கு இங்கிலீசு வராது. என்ன தம்பி போட்டிருக்கு இதுல?"

"'நிலாவுக்கு யாருமே போகலை, அத்தனையும் பொய்'னு போட்டிருக்குதுங்க்கா" என்றான் குமாரவேல். "ஆர்டர் குடுத்ததே அப்படிச் சொல்ற சங்கந்தானுங்களே."