கெட்டுப்போனா அண்ணனும் நிலாவின் ஒற்றை எஞ்சினும்

விஞ்ஞானிகள் இதுவரை கண்டுபிடித்த அத்தனை பொருளையும் ஒரே ஒரு கேள்வியில் திணறடித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் குடியிருந்தது கோயமுத்தூர் கணபதியில். பதினான்கு வருஷம் ஒரே பட்டறையில் கூட வேலை பார்த்தும் எனக்கு அவருடைய நிஜப்பெயர் தெரியாது. "கெட்டுப்போனா அண்ணன்" என்றால் தபால்காரருக்கே தெரியும். கல்யாணப் பத்திரிகைகூட அந்தப் பெயருக்குத்தான் வந்ததாகச் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

எங்களுடையது பம்புசெட் பட்டறை. நான் டிப்ளமா படித்த டிராப்ட்ஸ்மேன். தலை முழுக்கக் கர்வம். அண்ணன் ரிப்பேர் பிரிவு. பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். நன்றாக ஓடும் மோட்டாரை எவனாவது ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு வருவானா? வருகிறதெல்லாம் நின்றுபோனது, கருகியது, கிணற்றில் விழுந்தது. ஆகவே இந்த உலகத்தில் செய்யப்படும் எந்தச் சாமானும் கெட்டுப்போவதற்கென்றே பிறக்கிறது என்று அவர் முடிவு கட்டி வைத்திருந்தார்.

ஆனால் கை இருக்கிறதே, அடேயப்பா! ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைப்பார். பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். "பின்னாடி பேரிங்குங்க. அப்பறம், தோட்டத்துக்காரரு தண்ணி இல்லாமயே ரெண்டு நாளு ஓட்டிப்போட்டாருங்க" என்பார். எதிரே நிற்கும் விவசாயி திருடன் மாதிரி முழிப்பார். யாரும் இல்லாத நேரத்தில் நானும் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லா மோட்டாரும் எனக்கு 'ங்ஙொய்' என்று ஒரே மாதிரிதான் சொல்லிற்று.

பத்து மணி டீக்கு நான்தான் பேப்பர் வாசிப்பேன். ரஷ்யாக்காரர்கள் வானத்தில் ஓர் உருண்டையைச் சுற்றவிட்ட செய்தியை நான் ஏதோ என் சொந்த மச்சான் விட்டது போலக் குரலை உயர்த்தி வாசித்தேன். பட்டறையே வாய் பிளந்தது. மூலையிலிருந்து அண்ணன், "செரிங்க. கெட்டுப்போனா? ஆருங்க ஏறிப் பாக்கறது?" என்றார்.

அடுத்த மாதமே ஒரு நாயை ஏற்றி அனுப்பினார்கள். "எறக்கறது எப்படீங்க?" என்று கேட்டார். பத்தி முழுக்கத் தேடினேன். இறக்குவதற்கு ஏற்பாடு எதுவும் இல்லையென்று கடைசி வரியில் போட்டிருந்தது. அண்ணன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு வாரத்துக்கு, டீயோடு தின்னத் தரும் வர்க்கி பிஸ்கட்டில் அவர் பங்கு முழுவதும் பட்டறை வாசலில் படுத்திருந்த கறுப்பு நாய்க்குத்தான் போயிற்று.

எலெக்ட்ரானிக் மூளை என்று ஒன்று வந்திருக்கிறதாம், கண் இமைப்பதற்குள் ஆயிரம் கணக்குப் போடுமாம் என்று ஒருநாள் வாசித்தேன். அண்ணன் யோசித்தார். "கெட்டுப்போனா, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஆயிரம் தப்புப் போடுமுங்களே?" என்றார். என் பேரன் இப்போது பெங்களூரில் சாப்ட்வேர் எழுதுகிறான். இதைச் சொன்னதும் பயல் சிரிக்கவே இல்லை. "தாத்தா, அவரு எங்க ஆபீஸ்ல இருந்திருக்கணும்" என்றான்.

எங்கள் முதலாளிக்குக் கோபம் வந்தால்தான் தெலுங்கு வரும். புது மாடல் பம்பு வெளியிட்ட அன்று, வியாபாரிகளை எல்லாம் உட்காரவைத்து, "இது பத்து வருஷம் உழைக்கும்" என்று மாலையும் கழுத்துமாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து, மிக மரியாதையாக, "ஏனுங்க முதலாளி, கெட்டுப்போனா?" என்று குரல் வந்தது. அன்று சாயங்காலம் வரை பட்டறையில் தமிழே இல்லை. ஆனால் அண்ணனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்தப் பம்பு கெட்டுப்போனால் பார்ப்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஒருமுறை பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். பாதாளக் கிணறு; அடியில் பம்பு நின்றுவிட்டது. அண்ணன் இடுப்பில் ஒரு வடக்கயிறு கட்டினார். பக்கத்திலேயே இன்னொன்றைத் தொங்கவிட்டார். தோட்டத்துக்காரர் சிரித்துவிட்டு, "எறங்கறதுக்கு ஒரு கவுறு பத்தாதுங்களா?" என்றார்.

"எறங்கறதுக்கு ஒண்ணு போதுமுங்க. ஏறறதுக்குத்தான் ரெண்டு."

இந்த வாக்கியத்தை நான் அன்று அவருடைய வழக்கமான கிறுக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு வந்தது அறுபத்தொன்பதாம் வருஷம் ஜூலை மாதம். மூன்று அமெரிக்கர்கள் நிலாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். சனிக்கிழமை டீக்கு நான் முழுப்பக்கக் கட்டுரையை வாசித்தேன். இரண்டு பேர் நிலாவில் இறங்குவார்கள்; ஒருவர் மேலே சுற்றிக்கொண்டிருப்பார்; வேலை முடிந்ததும் கீழே உள்ளவர்கள் ஒரு எஞ்சினை முடுக்கி மேலே ஏறி வந்து அவரோடு சேர்ந்துகொள்வார்கள்.

"ஏறறதுக்கு எத்தன எஞ்சினுங்க?"

"ஒண்ணுதான், அண்ணா."

"அதய அங்க நெலாவுல வச்சு ஒருக்கா ஓட்டிப் பாத்திருக்கறாங்களா?"

"அங்க இதுவரைக்கும் ஒருத்தருமே போனதில்லீங்களே!"

கேள்வி வரப்போகிறது என்று பட்டறை முழுக்கச் சிரிப்பை வாயில் அடக்கிக்கொண்டு காத்திருந்தது. கேள்வி வரவில்லை. அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எழுந்து போய், ஏற்கெனவே ரிப்பேர் பார்த்து முடித்த மோட்டாரைத் திரும்பக் கழற்ற ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை காலை, இறங்கிவிட்டார்கள் என்று ரேடியோ சொல்லிற்று. பட்டறையில் ஒரே கூத்து. முதலாளி ஒரு கூடை ஜிலேபி வரவழைத்தார். அண்ணன் தன் பங்கைப் பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஏறட்டுமுங்க" என்றார். மத்தியானம் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் பார்த்து அவர் போட்ட முதல் லீவு அதுதான்.

சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது பார்த்தேன், மாரியம்மன் கோயில் பக்கத்துப் பாலத்திட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே அரை நிலா.

"என்னங்கண்ணா, இங்க உக்காந்துட்டீங்க?"

"பூ கேட்டனுங்க" என்றார்.

எங்கள் பக்கம் கல்யாணம் பேசுவதற்கும் கிணறு வெட்டுவதற்கும் அம்மனிடம் பூ கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம். சன்னதியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நல்லபடி நடக்கும். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

"பூசாரி, 'பொண்ணுக்கா, கெணத்துக்கா'ன்னு கேட்டாருங்க. நெலாவுக்குன்னேன். 'அது நம்ம ஆத்தா எல்லையில வராதே'ங்கறாரு. ஏனுங்க, நம்மூருக்கு மேலதான நிக்குது? சண்ட போட்டுக் கேட்டனுங்க. அந்த எஞ்சின் புடிக்குமா, புடிக்காதான்னு."

"என்ன வந்துதுங்க?"

"சேப்பு."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணன் நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ நிக்கற ரெண்டு பேருக்காவது வேல இருக்குதுங்க. மேல ஒருத்தன் சும்மா சுத்தறான் பாருங்க, அவன நெனச்சாத்தான்... நான் அப்பிடி நின்னிருக்கறனுங்க. வெள்ளகோவில்ல. நான் மேல, என்ற கூட்டாளி கெணத்துக்குள்ள. அன்னைக்கு ஒரு கவுறுதாங்க இருந்துது."

பதிமூன்று வருஷமாக இந்த மனிதரின் கேள்விக்கு நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. கடவுளே, அந்த எஞ்சின் பிடிக்கட்டும் என்று நானும் அன்று முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ரேடியோ கேட்டேன். கேட்டதும் பட்டறைக்கு நான் சைக்கிள் மிதித்த வேகத்தில் செயின் இரண்டு தடவை கழன்றது. அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ரேடியோ இருக்கும் பக்கமே அவர் போகவில்லை.

"ஏறீட்டாங்கண்ணா! மேல போயி, சேந்தும் போட்டாங்க!"

"ஒரே அடிக்குப் புடிச்சுதுங்களா?"

"ஒரே அடிக்கு!"

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். துடைக்கவும் இல்லை. "எந்தக் கையிங்க அதயப் பூட்டுச்சு?" என்றார். "அந்தக் கைய ஒருக்கா கண்ணுல பாக்கோணுமுங்க."

பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஜிலேபிப் பொட்டணத்தை எடுத்து, மொய்த்திருந்த எறும்பை ஒவ்வொன்றாக ஊதினார். "கோயலுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க."

எனக்கு அம்மன் மேல் கோபம். "தப்பாப் பூக் குடுத்த சாமிகிட்டப் போயி என்னங்கண்ணா சொல்லப்போறீங்க?"

"தப்புன்னு சொல்லாதீங்க. அந்த எஞ்சினப் பத்தி அவளுக்கு என்னங்க தெரியும், பாவம்? சேப்பக் குடுத்துப்போட்டு ராத்திரி பூராப் பதறீட்டு இருந்திருப்பா. பசங்க ஏறீட்டாங்கன்னு போயிச் சொல்லோணுமில்லீங்க?"

சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அன்று அம்மனுக்கு ஜிலேபி நைவேத்தியம்.

வெள்ளிக்கிழமை டீக்கு, மூவரும் கடலில் பத்திரமாக வந்து இறங்கிய செய்தியை வாசித்தேன். கீழேயே இன்னொரு செய்தி: வருங்காலத்தில் மனிதர்கள் நிலாவிலேயே வீடு கட்டிக் குடியிருப்பார்களாம். மூலையிலிருந்து, "செரிங்க. கெட்டுப்போனா?" என்று குரல் வந்தது. பட்டறை மொத்தமும் கை தட்டிற்று, முதலாளிகூடத் தட்டினார்.

அந்த மூன்று பேருக்கும் அண்ணன் தம்பி எத்தனை பேரென்று எனக்குத் தெரியாது. கணபதியில் அவர்களுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அது மட்டும் தெரியும்.