பெல்லுக்காரர் போட்ட பாதை

அந்தக் காலத்துச் சூரமங்கலத்தில் தாசில்தார் உத்தியோகம்கூடக் கிடைத்துவிடும்; பெல்லுக்காரரிடம் வாடகை சைக்கிள் கிடைப்பதுதான் கஷ்டம். ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கான பரீட்சையை நான் ஒரே மூச்சில் பாஸ் செய்தவன். பெல்லுக்காரர் வைத்த பரீட்சையில் இரண்டு தடவை பெயிலானேன்.

ஸ்டேஷனுக்கு எதிரே தகரக் கொட்டகையில் அவர் கடை. சைக்கிள் கேட்டு யார் போனாலும் ஒரு முக்காலியில் உட்கார வைத்து விசாரிப்பார்.

"எதிர்ல எருமை வருது. என்ன பண்ணுவீங்க?"

"பெல் அடிப்பேன்."

"எருமை நவுரலீங்க. அப்புறம்?"

"பிரேக் பிடிப்பேன்."

"எந்திரிங்க. அடுத்த ஆளு."

'மறுபடியும் பெல் அடிப்பேன்' என்பதுதான் சரியான பதில். அவர் சைக்கிள்களில் பிரேக் என்று ஒன்று இருக்கும், பிடிக்காது. பெல்லை மட்டும் தினம் சாம்பல் போட்டுத் துலக்கி வைத்திருப்பார். "பிரேக்கு நம்மளத்தானுங்க நிறுத்தும். பெல்லு ஊரையே நிறுத்துமுங்க" என்பது அவர் வேதாந்தம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

எனக்கு ஜாகை சேலம் டவுனில். சாயங்காலம் அவர் சைக்கிளை எடுத்துப் போய்க் காலையில் ஆபீசுக்கு வரும்போது திருப்பிவிடுவது ஏற்பாடு. அந்த ரோட்டின் நடுவில் ஜல்லி. இரண்டு ஓரத்திலும் மெத்தென்ற மண். சைக்கிள்காரனுக்கும் அந்த ஓரம்தான் பிடிக்கும், மாட்டுக்கும் அந்த ஓரம்தான் பிடிக்கும். ராசிபுரத்துப் பக்கமிருந்து ராத்திரி முழுக்க மூட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர்கள் விடியற்காலையில் நன்றாகத் தூங்கிவிடுவார்கள். கூட்ஸ் ஷெட்டுக்கு வழி மாடுகளுக்கே தெரியும். ஒருநாள் அப்படித் தானாக வந்த ஒரு ஜோடி மாடு, என்னைத் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. எனக்குக் கை உடைந்தது.

பெல்லுக்காரர் ஓடி வந்தார். முதலில் சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெல்லு அடிச்சீங்களா?"

"அடிச்சனுங்க."

"எத்தன தடவை?"

"கீழே விழற வரைக்கும்."

அவர் முகம் செத்துப்போயிற்று. "மாட்டுக் கழுத்துலயே ஒரு கொத்து மணி தொங்குது. நம்ம மணியையும் அதுல ஒண்ணுன்னு நெனச்சுப் போட்டதாட்டம் இருக்குது" என்றார். வாழ்நாள் முழுக்க நம்பிய பெல் அன்றைக்குத்தான் அவரைக் கைவிட்டது.

மறுநாள் எல்லாச் சைக்கிள்களையும் ஒரே சங்கிலியில் கோத்துப் பூட்டிவிட்டார். சைக்கிளுக்கென்று தனிப் பாதை வருகிற வரைக்கும் ஒருத்தருக்கும் வாடகைக்கு இல்லை என்று சத்தியம். என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் நடந்தோம். கையில் கட்டோடு நடந்து நான் தினம் தாமதமாகப் போக, இனி ஒருநாள் தாமதமானாலும் சீட்டைக் கிழித்துவிடுவதாகப் பெரிய குமாஸ்தா சொல்லிவிட்டார். பெல்லுக்காரர் வீட்டில் அடுப்பே எரியவில்லை. "பாதை வந்தாத்தான் கடை தொறப்பீங்கன்னா, அது வரைக்கும் அந்த ரோட்டு மண்ணையே அள்ளித் தின்னுங்க" என்று அவர் சம்சாரம் கடை வாசலிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். மனிதர் அசையவில்லை.

விஷயம் பஞ்சாயத்து போர்டுக்குப் போயிற்று. அந்தக் கூட்டத்துக்கு வந்த ஜனம் தேர்த்திருவிழாவுக்கு வந்ததில்லை. பெல்லுக்காரர் தரப்புச் சாட்சி நான், அதாவது என் கை. எவனாவது எதிர்த்துப் பேசினால் உடனே, "கையைத் தூக்குங்க சாமி" என்பார். நானும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையைத் தூக்குவேன். சைக்கிளில் நெய் விற்கும் ராசிபுரத்துக்காரர் ஒருவரும் சாட்சி சொன்னார். "இந்த ரோட்டுல நான் கொட்டுன நெய்க்கு ஒரு கல்யாணமே பண்ணியிருக்கலாமுங்க."

வண்டிக்காரர்களுக்குத் தலைவர் செங்கோடன். கருங்காலிக் கட்டை போன்ற ஆள், ஆனால் பேச்சு நிதானம்.

"ஜல்லி மேல நடந்தா மாட்டுக்கு லாடம் தேயுதுங்க, கொளம்பு வெடிக்குதுங்க. ஓரத்து மண்ணுதானுங்க அதுக்கு மெத்தை. வாயில்லாச் சீவன். அதைப் புடுங்கி இரும்புக்குக் குடுக்கறதுன்னா நாயமுங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. என்னை அறியாமல் நானே தலையாட்டிவிட்டேன். பெல்லுக்காரர் என் தொடையைக் கிள்ளினார்.

பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னிக்கி சைக்கிளுக்குத் தனிப் பாதைம்பாங்க, நாளைக்கிக் கோழிக்குத் தனிப் பாதை கேப்பாங்க" என்றது.

"கோழி வந்து மனுக் குடுக்கட்டுமுங்க. மொதக் கையெழுத்து நான் போடறேன்" என்றார் பெல்லுக்காரர்.

போர்டு பிரசிடெண்டுக்கு ஐந்து மாட்டுவண்டிகளும் சைக்கிள் ஓட்டும் ஒரு மாப்பிள்ளையும் இருந்தார்கள். அதனால் தீர்ப்பு மதில்மேல் பூனையாக வந்தது. ஸ்டேஷனிலிருந்து மதகு வரைக்கும் ரோட்டின் தெற்கு ஓரத்தில் சுண்ணாம்படித்த கற்களை நட்டுப் பிரித்துவிடுவது. ஆடி முடியட்டும், வண்டி ஏறாமல் சைக்கிள் மட்டும் ஓடினால் டவுன் வரைக்கும் பாதை, இல்லாவிட்டால் கல்லைப் பிடுங்கிவிடுவது. பரீட்சைக்காகச் சங்கிலி கொஞ்சம் தளர்ந்தது. மதகு வரைக்கும் ஏறிப் போகலாம்; அங்கே இறங்கிச் சைக்கிளைப் பெல்லுக்காரரின் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு மிச்ச தூரம் நடக்க வேண்டும்.

கல் நட்டதுதான் தாமதம், தினம் விடிந்தால் நாலு கல் சாய்ந்து கிடக்கும். கேட்டால் மாடு முட்டியது என்பார்கள். அப்படிச் சாய்த்துச் சாய்த்துக் கடைசியில் ஏழு கல் மிஞ்சியது. கடைசியாக விழுந்த அந்த எட்டாவது கல்லைச் சக்கரத்தால் சாய்த்தது செங்கோடன் வண்டி. அன்று சாயங்காலமே அவருடைய வலத்து மாடு நொண்டியது. அவர் சம்சாரம் பயந்துபோய், மிச்சமிருந்த கற்களுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார். ஆடி மாதம் வேறு. எங்கள் சீமையில் ஏழு கல் வரிசையாக நின்று, மஞ்சளும் பூசிவிட்டால், அதற்கப்புறம் அது கல் இல்லை. கன்னிமார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊர்ப் பெண்கள் பொங்கல் பானையோடு வந்துவிட்டார்கள். எந்த வண்டிக்காரனும் அந்தப் பக்கம் மாட்டைத் திருப்பவில்லை. "பாத்தீங்களா, ஒரு மாடு ஏறலியே" என்று பெல்லுக்காரர் பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பு மத்தியானம் வரைக்கும் இருந்தது. பெண்கள் சாமி முகத்துக்கு எதிரே அடுப்புக் கூட்டியிருந்தது சைக்கிள் பாதையில்தான். சைக்கிள்காரன் இறங்கி, செருப்பைக் கழற்றி, சைக்கிளைத் தோளில் தூக்கி அடுப்புகளைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒரு பையன் அவசரப்பட்டுப் பெல் அடித்தான். பெண்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள்.

செங்கோடன் நேரே பிரசிடெண்டிடம் போனார். "சாமியே சைக்கிளு வேண்டாங்குதுங்க. அப்புறம் நாம என்னுங்க பண்றது?" வருகிற வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும், சைக்கிள் ஓடாவிட்டால் அதோடு சரி என்றும் பிரசிடெண்ட் சொல்லிவிட்டார்.

பாதை போயிற்று என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். பெல்லுக்காரரோ வெற்றிலை போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, கன்னிமாருக்குப் புதிதாக முளைத்திருந்த பூசாரியைப் பார்க்கக் கிளம்பினார்.

"ஏனுங்க பூசாரி, சும்மா ஒரு சந்தேகமுங்க. கன்னிமாரு எந்தப் பக்கம் பாத்து இருக்கோணும்?"

"வடக்கே பாத்து இருக்கோணுமுங்க."

"இங்க தெக்கல்லங்க பாத்துட்டு இருக்குது?"

பூசாரி கற்களைப் பார்த்தார். பொட்டு எல்லாம் தெற்கு முகத்தில். அவர் நெற்றியில் வேர்த்தது. "நமக்கென்னுங்க, மனசுல பட்டதைச் சொன்னேன், வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் பெல்லுக்காரர் நடையைக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கன்னிமார் வடக்கே திரும்பியிருந்தார்கள். வடக்கே ரோடு. பெண்கள் நடு ரோட்டில் அடுப்புக் கூட்டினார்கள்.

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பருத்தி வண்டி, கடலை வண்டி, மஞ்சள் வண்டி என்று கண்ணுக்கெட்டிய தூரம் நின்றுபோயிற்று. சாமியை எப்படி அதட்டுவது? மாடுகள் மட்டும் கழுத்தை நீட்டிப் படையல் வாழைப்பழத்தை எட்டிப் பார்த்தன. ஷெட்டில் ஒரு மூட்டை வந்து இறங்கவில்லை என்று எங்கள் பெரிய குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பிரசிடெண்டின் ஜட்கா வரிசைக் கடைசியில் மாட்டிக்கொண்டதால், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். வந்தவர் கண்ணில் பட்டது இதுதான்: ரோட்டில் ஒரு சக்கரம் உருளவில்லை, தெற்கு ஓரத்தில் காலியான மண்பாதையில் குமாஸ்தாக்கள் வரிசையாகப் பெல் அடித்துக்கொண்டு போகிறார்கள், அதில் அவருடைய மாப்பிள்ளையும் ஒருவர்.

செங்கோடன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க பெல்லுக்காரரே, கன்னிமாரை அந்த வேப்பமரத்தடியில கொண்டுபோயி வெச்சரலாமுங்களா?"

"வெக்கலாமுங்க. இந்த ஓரத்து மண்ணு?"

"நீங்களே வெச்சுக்கங்க சாமி. எங்களுக்கு ரோட்டை உட்டாப் போதும்."

ஜெயித்தவன் இன்னொரு குத்துக் குத்துவான் என்று எதிர்பார்த்தேன். பெல்லுக்காரர், "வடக்கோரத்து மண்ணு முச்சூடும் மாட்டுக்குங்க. அதுல ஒரு சைக்கிளு ஏறுச்சுன்னா நானே புடிச்சுக் கட்டிப் போடறேன்" என்றார். செங்கோடன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டவுன் வரைக்கும் கல் நட்டதே வண்டிக்காரர்கள்தான். வம்பு வேண்டாமென்று ஆறு கல்லுக்கு ஒருமுறை நல்ல இடைவெளி விட்டு நட்டார்கள்.

சங்கிலி கழன்று கடை திறந்த நாளில், முதல் சைக்கிள் எனக்குத்தான் என்று பெல்லுக்காரர் சொல்லிவிட்டார். என் கைக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆனால் முழங்கை முழுதாக நீளவில்லை. ஒரு வண்டி மணிச் சத்தம் கேட்டாலே ரோட்டை விட்டு இறங்கி நின்றுவிடுவேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்ததோ, நான் ஏறியதும் பெல்லுக்காரர் சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வர ஆரம்பித்தார். ஸ்டேஷன் தாண்டியது, வேப்பமரம் தாண்டியது, மதகு தாண்டியது. மூச்சு வாங்க, "பயப்படாதீங்க சாமி, புடிச்சிருக்கறேன்" என்றபடியே வந்தார். மதகு தாண்டும்போதே எனக்குப் பயம் போய்விட்டது. இருந்தும் அவரைக் கையை விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.