ரிசப்ஷனில் உன் அம்மா பாடியது

செல்லூர், மதுரை
9-10-2001

சிரஞ்சீவி வெங்கடேஷ்பாபுவுக்கும் சௌபாக்கியவதி பிருந்தாவுக்கும் அம்மாவின் ஆசீர்வாதங்கள். இங்கே நானும், இடது முழங்கால் நீங்கலாக மற்ற எல்லா உறுப்புகளும் சௌக்கியம். புனேயில் நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, தலையை ஈரமில்லாமல் துவட்டி, நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. மூன்று எழுத்துப்பிழை. சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன்.

"அறுபத்தாறு வயதில் ஜாஸ் பாடகியா? மாமியார் வீட்டில் நான் எப்படித் தலைகாட்டுவேன்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே புனே வந்துவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். சம்பந்தியம்மா போனில் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு எழுதியது அது. நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன்.

போன தை மாதம், சும்மா கிடந்த அப்பாவின் தறி ஷெட்டில் ஒத்திகை பார்த்துக்கொள்ளட்டும் என்று மொக்கையனின் பேண்டு செட்டுக்குச் சாவி கொடுத்தேன். நம் தெருவில் கரண்ட் போய்த் தறிகள் நின்றால்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும், அந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் வாசிப்பார்கள். சத்தத்தைப் பொறுத்துக்கொண்டேன், சுருதி விலகுவதைப் பொறுக்க முடியவில்லை, நேரே போய் "கிளாரினெட் இறங்கி நிற்கிறது" என்றேன். "இது ஜாஸுங்கம்மா, ரயில்வே காலனி துரை ஒருத்தரு சொல்லிக் குடுத்தது, வேணும்னேதான் இறக்குறோம்" என்றார் மொக்கையன். வேண்டுமென்றே செய்தால் தப்பு சரியாகிவிடுமா என்று கேட்டேன். "அப்ப நீங்களே பாடிக் காட்டுங்க." கான்வென்ட் பள்ளிப் பாட்டுக் குழுவில் ஆறு வருடம் முன்வரிசையில் நின்றவள் விடுவேனா, பாடினேன். தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "குரலு அம்புட்டு நல்லா இருக்கு. ஆனா ஒவ்வொரு சுரத்தையும் இஸ்திரி போட்டு மடிச்சு வைக்கிறீங்களே, கொஞ்சம் கசக்குங்கம்மா." டிரம்ஸ் அடிக்கிற அழகுபாண்டி, கப்பலூரில் ஃபாக்டரி வேலை, குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "அண்ணே, பெரியம்மாவையே கசக்கச் சொல்றியே, எம்புட்டுத் தைரியம் உனக்கு!" அந்த ஆத்திரத்தில் மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். அன்று ஆத்திரம் இல்லை.

ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு பாபு. பாட்டில் வார்த்தை தீர்ந்துவிட்டால் நிறுத்தக் கூடாது, வாய்க்கு வந்த ஒலியைப் பாடிக்கொண்டே போக வேண்டும். எனக்கு அர்த்தமில்லாமல் வாயைத் திறந்து பழக்கமில்லை. 'தபதுபா' என்று தொடங்கினாலே பழைய கான்வென்ட் சிஸ்டர் கையில் ஸ்கேலோடு எதிரே வந்து நிற்கிறார். ஒருநாள் வேறு வழியில்லாமல் நம் வீட்டுப் பேச்சில், சௌராஷ்டிரத்திலேயே, தோன்றியதைப் பாடினேன். மொக்கையனுக்கும் அழகுபாண்டிக்கும் அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. "இதுதாம்மா ஜாஸு!" என்றார்கள். என் வாயில் வந்தது உன் அப்பா.

உனக்கும் இதை நான் சொன்னதில்லை. அவர் போன அன்று காலை குளித்துவிட்டு ஈரக்காலோடு ஹாலுக்குள் வந்தார். "இப்பத்தான துடைச்சேன், கண்ணு தெரியலையா?" என்றேன். திரும்பிப் போய்க் கால்மிதியில் இரண்டு காலையும் தேய்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று மூன்று வருடமாக என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொந்தத்தில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். புரியாத அந்த இரண்டு பேர் நடுவில்தான் இத்தனை மாதமாக நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வேறு இடம் எனக்கில்லை.

சம்பந்தியம்மாவின் அண்ணன் மகள் ரிசப்ஷனுக்கு, மாப்பிள்ளை அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர் என்பதால், இங்கிலீஷ் பாட்டு வேண்டும் என்று மொக்கையன் செட்டையே அமர்த்தினார்கள். இரண்டு பாட்டு பாடச் சம்மதித்தேன். பாட்டு எழுதிய அட்டை கையில் இருந்தது, மூக்குக்கண்ணாடி மூன்றாம் வரிசையில் சம்பந்தியம்மா மடியிலிருந்த என் கைப்பையில் இருந்தது. நான்கு வரி மனப்பாடமாகப் போனது. ஐந்தாவது வரிக்கு அட்டையைப் பார்த்தால் எல்லாம் எறும்பு. மொக்கையன் கண்ணாலேயே "நிறுத்தாதீங்க" என்றார். ஷெட்டில் செய்வது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். மண்டபத்தில் இருக்கிற நானூறு பேரும் நம்ம ஆளுங்கதானே, எல்லாருக்கும் சௌராஷ்டிரம் புரியுமே என்கிற நினைப்பே வரலைடா பாபு. "ஈரக்காலோடயே உள்ள வாங்க, தரை கெடக்கட்டும். துடைக்க நான் இருக்கேன், மிதிக்கத்தான் ஆள் இல்ல" என்று பாடினேன். பீரோ சாவியை எங்கே வைத்தீர்கள் என்று பாடினேன். உப்புக் கரித்த ரசத்தைக் குறை சொல்லாமல் குடித்ததையும் பாடினேன். அழகுபாண்டி உற்சாகமாகி வேகத்தைக் கூட்டினான்.

கண்ணைத் திறந்தால் கரண்டிச் சத்தம்கூட இல்லை. சௌராஷ்டிரம் தெரியாத மாப்பிள்ளை மட்டும் கைதட்டினார். பந்தி பரிமாறுகிறவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். சம்பந்தியம்மா என் பையைத் திறந்து என் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தியதைக் கண்ணாடி இல்லாமலே பார்த்தேன். உன்னிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார். "வீட்டு விஷயத்தை இப்படி மேடையில போட்டு ஒடைச்சிட்டீங்களே" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது நியாயம். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே பாடுவதை நிறுத்திவிட்டேன். மொக்கையனிடம் சொல்லியாயிற்று. "யோசிங்கம்மா, வாரோம்" என்று சாவியை வைத்துவிட்டுப் போனார். ஷெட்டைப் பூட்டிவிட்டேன். டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். இனி உங்களோடுதான் என் காலம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், பிழையில்லாத எழுத்தோடும் வாழ மீனாட்சியம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு, உன் அம்மா
து. அலர்மேல்மங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது துவைத்து மடித்த கைக்குட்டையோடு சம்பந்தியம்மாவே வந்தார். காபி குடித்தார். போகும்போது வாசலில் நின்று, "போய்ச் சேர்ந்த எங்க வீட்டுக்காரர்கிட்டயும் நான் கேக்கவேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. பாட்டுல வச்சுக் கேட்டுச் சொல்றீங்களா?" என்றார். அவர் போனதும் கரண்ட் போனது, தறிகள் நின்றன. ஷெட்டைத் திறந்துவிட்டேன். மேலே கடைசிப் பத்தியை அடித்துவிடு. என் டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. உறைக்குள் இருக்கிற டிக்கெட்டில் பெயரைச் சரியாகப் படி, அது உன்னுடையது. இருபத்தெட்டாம் தேதி பரவையில் பாடுகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. வாசலில் கால்மிதியைத் தேடாதே, எடுத்துவிட்டேன். அப்படியே உள்ளே வா.