சர்வேக்காரர் பெற்ற நாற்பது பிள்ளைகள்

இனிமேல் வெட்கப்படுவதே இல்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சர்வேக்காரர் முடிவெடுத்தார். முடிவெடுத்த சூட்டோடு கேள்வித்தாளைப் பிரித்து முதல் கேள்வியை வாய்விட்டுப் படித்தார். பாதியில் கை தானாகப் போய்க் குழாயைத் திறந்தது. மீதிக் கேள்வி தண்ணீர்ச் சத்தத்தில் அவர் காதுக்கே கேட்கவில்லை.

பதினெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் மனுஷன் பிழைப்பு. பற்பசை, சோப்பு, பேருந்து வசதி, கொசுத்தொல்லை என்று கேட்காத கேள்வி இல்லை. பூட்டிய கதவைக்கூடப் பேச வைத்துவிடுவார் என்று அலுவலகத்தில் ஒரு பெயர். அந்தப் பெயருக்குத்தான் இப்போது சோதனை வந்திருந்தது. பதினெட்டிலிருந்து இருபத்துநான்கு வயது வரை உள்ளவர்களுக்கு இனப்பெருக்க நலம் பற்றி என்ன தெரியும், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கண்டறியும் கணக்கெடுப்பு. முப்பது கேள்விகள், நாற்பது பேர், மூன்று வாரம். அவர் வாசித்து விளக்க, அவர்களே தாளை நிரப்பி, பெயர் போடாமல் உறையில் வைத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். தொலைபேசி எண் மட்டும் தனிச்சீட்டில்.

அவருடையது வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. இந்த மாதக் கடைசியில் மறுபடி கையெழுத்தாக வேண்டும். நாற்பது உறை கைக்கு வராவிட்டால் கையெழுத்தும் வராது. ஐம்பத்தோரு வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போகிறான்? அந்த நினைப்பு அவரை உட்கார விடவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார், பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் வீட்டில் கதவைத் திறந்தது இருபது வயது மதிக்கத்தக்க பையன். நல்ல பிள்ளை, நாற்காலி எடுத்துப் போட்டான். சர்வேக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேள்வித்தாளைப் பார்த்தார். வாயிலிருந்து வந்தது, "தம்பி, நீங்க வீட்ல என்ன பற்பசை உபயோகிக்கிறீங்க?" பையன் சொன்னான். அவரும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாவது வீட்டிலும் பற்பசை. மூன்றாவது வீட்டில் ஒரு பெண் எட்டிப் பார்த்ததும், முகவரி மாறிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தெருக்கோடி வரை ஓட்டமும் நடையுமாகப் போய் மூச்சு வாங்கினார். இரண்டு வாரம் முடிந்தபோது அந்தப் பேட்டையின் பல் நலம் அவருக்கு அத்துப்படி. உறைகள் மட்டும் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் அவர் எதற்கும் அஞ்சாதவர் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கை வைத்திருந்தது அவர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம். அந்த அம்மாள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாத்தியார். காலை ஆறு மணிக்குக் காரை எடுத்தால் சாயங்காலம் வரை, ஆளுக்கு அரை மணி நேரம், பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். எதிரில் லாரி வந்தாலும் குரல் உயராது. அந்த நிதானத்தைப் பார்த்தால்தான் சர்வேக்காரருக்கு உள்ளுக்குள் உதறும்.

ஆகவே மூன்றாவது வாரம் அவர் ஒரு தந்திரம் செய்தார். மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரம். மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள், மகன் வேலைக்கு. சாப்பாட்டு மேஜையில் நாற்பது தாளையும் பரப்பிக்கொண்டு, அவரே நாற்பது இளைஞர்களைப் படைக்கத் தொடங்கினார்.

சும்மா சொல்லக்கூடாது, ஈடுபாட்டோடுதான் செய்தார். ஒருவனுக்கு இருபத்திரண்டு வயது, கண்ணாடி போட்டவன், கொஞ்சம் முன்கோபி. அவனுக்குக் கறுப்பு மை. ஒருத்தி பத்தொன்பது வயது, சங்கோஜி. அவள் பென்சிலில் எழுதினாள். ஒருவன் இடது கைக்காரன் என்பதால் சர்வேக்காரரும் இடது கையால் எழுதிக் கை வலிக்க உதறிக்கொண்டார். நாலாவது மணி நேரத்தில் எல்லாரும் நம்ம பிள்ளைகள்தானே என்ற பாசமே வந்துவிட்டது. அந்தப் பாசத்தில்தான் இருபத்தொன்பதாவது கேள்விக்குப் பதில் எழுதினார். 'இது பற்றிச் சந்தேகம் வந்தால் முதலில் யாரிடம் கேட்பீர்கள்?' முன்கோபி எழுதினான், அப்பாவிடம். சங்கோஜி எழுதினாள், அப்பாவிடம். முப்பத்தொன்பது பேரும் அப்பாவிடம். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகம் வருமே என்று, அந்த இடது கைக்காரன் மட்டும் பெரியப்பாவிடம் என்று எழுதினான்.

அது சுலபமான கேள்வி. முதல் இருபது கேள்விகள்தான் இடித்தன. சரியா, தவறா, தெரியாது என்று மூன்று கட்டம். எதில் டிக் போடுவது? நாற்பது பிள்ளைகளுக்கும் மூளை இவருடையதுதானே. நாலைந்து பேருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்றால் முதலில் இவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மறுநாள் காலை மனைவி வழக்கம்போல அவரை அலுவலகத்தில் இறக்கிவிடப் பயிற்சிக் காரை எடுத்தாள். அந்தக் காரில் பக்கத்து இருக்கைக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. மாணவன் தடுமாறினால் வாத்தியார் மிதிப்பதற்கு. இப்போது அந்த இருக்கையில் சர்வேக்காரர். சாலையைப் பார்த்தபடி, போகிற போக்கில் ஞாபகம் வந்தது போல, ஆரம்பித்தார்.

"ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். ஒரு பேச்சுக்குத்தான். பிறக்கிற குழந்தை ஆணா பெண்ணாங்கறது யாரால முடிவாகுது?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் கியரை மாற்றிக்கொண்டே.

"அம்மா சாப்பிடற சாப்பாட்டைப் பொறுத்ததுன்னு சொன்னேன். சரிதானே?"

"ம். வேற என்ன கேட்டார்?"

அவர் கேட்கக் கேட்க அவள் ம் கொட்டினாள். மாதத்தில் எந்த நாட்களில் கரு உண்டாக வாய்ப்பு அதிகம் என்ற கேள்விக்கு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள். அவர் நினைத்ததைச் சொன்னார். முதல் தடவையிலேயே கர்ப்பம் ஆகுமா என்பதற்கு, வாய்ப்பே இல்லை என்று விரலை ஆட்டி அடித்துச் சொன்னார். ஆணுறை என்ற வார்த்தையை அவள் தண்ணி பாட்டில் மாதிரி சாதாரணமாகச் சொன்னபோது, சர்வேக்காரர் கால் தானாக அழுத்தி நடுரோட்டில் கார் நின்றுபோனது.

"காலை எடுங்க," என்றாள். "சந்தேகம் வந்தா அந்த ஆபீஸ்காரர் யாரைக் கேப்பாராம்?"

"அவருக்கென்ன, பெண்டாட்டிகிட்டக் கேட்டுக்குவார். ஆனா கேக்கற மாதிரி காட்டிக்கமாட்டார்," என்றார் சர்வேக்காரர், வெகு சாமர்த்தியமாக. இறங்கும்போதுதான், அரை மணி நேரமாகப் பேசியும் அவள் வாயிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை என்பது உறைத்தது. பரவாயில்லை, அவள் மறுத்துப் பேசவில்லையே, அப்படியானால் நாம் சொன்னதெல்லாம் சரிதான் என்று தேற்றிக்கொண்டு, அன்று மத்தியானமே நாற்பது தாளையும் முடித்து, உறையில் போட்டு ஒட்டி, வாய்க்கு வந்த எண்களைச் சீட்டுகளில் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நாற்பதும் முடிந்தது என்று அலுவலகத்துக்கும் தகவல் சொன்னார். அன்றுதான் பதினைந்து நாளுக்குப் பிறகு ஒரு சோற்றுப் பருக்கை நிம்மதியாகத் தொண்டையில் இறங்கியது.

இறங்கிய இரண்டு நாளில் மேலே வந்துவிட்டது. மேற்பார்வை அதிகாரி அம்மாள் போன் செய்தார். மற்றவர்கள் பத்து உறைக்கே திண்டாடும்போது நீங்கள் நாற்பதும் முடித்துவிட்டீர்களே, சனிக்கிழமை காலை நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன், பத்துக்கு ஒருவர் வீதம் நாலு பேரைப் போனில் கூப்பிட்டுச் சரிபார்த்தால் முடிந்தது என்றார்.

சனிக்கிழமை வரை சர்வேக்காரர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. காய்ந்திருந்த துணியை மறுபடி காயப்போட்டார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, துடைத்து, தலைகீழாக மாட்டினார். மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்து, மூன்று தடவையும் டீ கேட்டார். அவளும் மூன்று தடவையும் போட்டுக் கொடுத்தாள்.

அதிகாரி அம்மாள் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். கண்ணாடியும் சிவப்புப் பேனாவும் கொண்ட, சிரிப்பதற்கு முன் யோசிக்கிற ரகம். சர்வேக்காரர் பீரோவைத் திறந்து உறைக் கட்டையும் சீட்டுகளையும் எடுத்து வைத்தார். அந்த அம்மாள் சீட்டுகளில் ஒன்றை உருவி எண்களை அழுத்தினார். வேலை போயிற்று என்று சர்வேக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு பையன் குரல் கேட்டது. ஆமாம் மேடம், நானேதான் நிரப்பி உறையை ஒட்டினேன், யாரும் பார்க்கவில்லை என்றான். அடுத்த எண்ணில் ஒரு பெண். அப்புறம் இன்னும் இருவர். நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள், நாலு பேரும் ஆமாம் என்றார்கள்.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சர்வேக்காரர் சமையலறைக்குள் பாய்ந்தார். மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நாப்பது பிள்ளைங்களும் பரண் மேல பத்திரமா இருக்காங்க," என்றாள் திரும்பாமலே. "பீரோவுக்கு இன்னொரு சாவி என்கிட்ட இருக்கே. அங்க இருக்கற தாளும் சீட்டும் என் மாணவங்க எழுதினது. ஆபீசுக்குப் போய்ப் புதுத் தாளும் உறையும் நான்தான் வாங்கிட்டு வந்தேன், நீங்க அனுப்பினதாச் சொல்லி."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முதல் நாளே மேஜைத் துணிக்கு அடியில பாத்தேன். பெரியப்பாகிட்டக் கேப்பேன்னு ஒருத்தன் எழுதியிருந்தான். அப்படி ஒரு பிள்ளை எந்த ஊர்லயும் பிறந்திருக்காது."

"ஆனா அவங்க கிட்ட நீ எப்படி... வாய்விட்டு..."

"வண்டியை ஓரமா நிறுத்திட்டு நான் படிச்சேன், அவங்க எழுதினாங்க. ரெண்டு பேரும் ரோட்டைத்தானே பாத்துக்கிட்டிருக்கோம். முகத்தைப் பாத்தாதான் வெட்கம்." துணியைப் பிழிந்து போட்டாள். "போங்க, அவங்க தனியா உக்காந்திருக்காங்க."

போன உயிர் திரும்பி வந்தவர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்து, இதிலெல்லாம் ஒரு நுட்பம் இருக்கிறது மேடம், எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் கேட்க வேண்டும், இது என் அனுபவத்தில் கண்டது என்று அளந்தார். அதிகாரி அம்மாள் அசந்துபோய் அதைக் குறித்துக்கொண்டார். சமையலறையில் துடைக்கிற சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

பிறகு அந்த அம்மாள் சில உறைகளைப் பிரித்தார். இருபத்தொன்பதாவது கேள்விக்கு ஒருவன் நண்பனிடம் என்று எழுதியிருந்தான், ஒருத்தி போனில் தேடுவேன் என்று. ஒரு தாள் மேஜையில் சர்வேக்காரர் பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. உருண்டை உருண்டையான எழுத்து. அம்மாவிடம்தான் வண்டி கற்றுக்கொள்கிற அவருடைய சொந்தப் பெண்ணின் எழுத்து. 'யாரிடமும் இல்லை. அப்பாவிடம் கேட்க ஆசைதான். இந்தப் பேச்சு வந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.'

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பத்தொன்பது பிள்ளைகளை அப்பாவிடம் அனுப்பியவருக்கு, வீட்டில் இருக்கிற சொந்தப் பிள்ளை கேட்கத் தயங்கி நின்றது தெரியவில்லை. அந்தத் தாளை மெதுவாக மடித்து உறைக்குள் வைத்தார்.

"சார், நாப்பத்தொரு உறை இருக்கே," என்றார் அதிகாரி அம்மாள். கடைசி உறையைப் பிரித்துப் படிக்கப் படிக்க அவர் புருவம் மேலே ஏறியது. "வயசு எழுதல. இருபதுக்கு மூணுதான் சரி. குழந்தை ஆணா பெண்ணாங்கறது சாப்பாட்டைப் பொறுத்ததாம். சந்தேகம் வந்தா மனைவிகிட்டக் கேப்பாராம், கேக்கற மாதிரி காட்டிக்காம."

அத்தனையும் அன்று காரில் சர்வேக்காரர் வாயிலிருந்து வந்தது. சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றிருந்தாள், கையைத் துடைத்துக்கொண்டு, எதிரில் லாரி வருவதைப் பார்க்கிற அதே முகத்தோடு.

"மத்த நாப்பதும் நிஜம், எனக்குச் சந்தேகமில்ல," என்றார் அதிகாரி. "இது மட்டும் யாரோ வீட்ல உக்காந்து கற்பனையா நிரப்பினது. கல்யாணம் ஆன ஒரு மனுஷன் இப்படி இருக்க முடியாது. விதி தெரியுமில்ல சார், ஒண்ணு பொய்னாலும் மொத்தக் கட்டும் தள்ளுபடி, வேலையும் சேத்து. நீங்களே சொல்லுங்க. இப்படி ஒரு ஆள் உண்டா, இல்லையா?"

இல்லை என்றால் வேலை போகும். உண்டு என்றால் மானம் போகும். சர்வேக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள்.

"உண்டு மேடம்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "நான்தான்."

அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். வயது வரம்பு தாண்டியது என்று தாளின் மேல் எழுதி அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதிக் கட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு தயங்கித் தயங்கி, வருத்தமான குரலில் மனைவியிடம் கேட்டார், "உங்களுக்குக் குழந்தைங்க..."

"ரெண்டு பேர் இருக்காங்க மேடம்," என்றாள் அவள் நிதானமாக. "அந்த மூணு மார்க்கை வச்சே சமாளிச்சுட்டார்."