சங்கிலிச் சிக்கறுத்த படலம்

வாழி அவன் தோள்! கிடங்கு வாசலில் லாரி வந்து நின்றால், சிமெண்டு மூட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற்றி, பலகைப் பாலம் முனகமுனக நடந்தேறும் மலைநிகர் தோள் வாழி! அத்தோளின் அகலம் கண்டு உடன்சுமப்போர் ‘கிரேன்’ என்று பட்டம் சூட்ட, பெற்றவர்கள் இட்ட பெயர் பெற்றவர்களுக்கே மறந்துபோன பெருஞ்சுமையாளன் வாழி! தொட்ட குழாய் கழன்று வரவும், திருகிய பல்பு நொறுங்கவும், சாத்திய கதவின் தாழ்ப்பாள் தனியே கையோடு வரவும் வரம் வாங்கிய அவன் பத்து விரலும் வாழி! அவ்விரல்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் நூலினும் மெல்லிய பொற்சங்கிலி ஒன்றோடு பொருத பெரும்போரை உரைக்கப் புகுகின்றோம். கேட்பவர்கள் காலை நீட்டி உட்காரலாம். போர் கொஞ்சம் நீளும்.

போர் மூண்ட காரணம் இது. அவன் மனையாள் துணி ஆலையில் தையல் மிஷின் ஓட்டுபவள். மிஷினில் மாட்டிக்கொள்ளும் என்று அங்கே கழுத்தில் எதுவும் போட விடமாட்டார்கள். ஆகவே குடும்பத்தின் ஒரே பொன்னாகிய அச்சங்கிலி, தலைவலித் தைலம் தீர்ந்த ஒரு டப்பாவில் நெடுஞ்சிறை கிடந்து, எப்போதோ போட்ட நாட்களின் வேர்வையும் பவுடரும் கண்ணிக்குக் கண்ணி உறைந்து, பித்தளையே பார்த்து இரக்கப்படும் நிறத்தை எய்தியிருந்தது. அன்று மாலை ஸ்டுடியோவில் போட்டோ. கல்யாணமாகி இத்தனை காலத்தில் இருவரும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் வேலை அட்டைகளில் தனித்தனியே திருட்டு முழி முழிக்கும் இரண்டு தலைகள்தான். எடுக்கப்போகும் அந்த ஒரு படத்தில் அந்த ஒரு சங்கிலியோடு நிற்கவேண்டும் என்பது அவள் நெடுநாள் ஆசை. ஆலையிலிருந்து ஓவர்டைமுக்குக் கூப்பிட ஆள் வந்துவிட்டதால், செருப்பு மாட்டிக்கொண்டே ஆணை பிறப்பித்தாள்.

“வெதுவெதுன்னு தண்ணியில ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டு ஊற வைங்க. பழைய பிரஷ்ஷால லேசா தேச்சு, துணியில ஒத்தி எடுத்து வச்சுடுங்க. லேசா. என்ன சொன்னேன்?”

“லேசா.”

“உங்கள நம்பித்தான் குடுத்துட்டுப் போறேன்.”

வீட்டில் உடையக்கூடிய பொருள் ஒன்று அவன் கையில் ஒப்படைக்கப்பட்டது அன்றுதான். வீரன் நெஞ்சு விம்மிற்று; பனியன் ஒரு பக்கம் தையல் விட்டது.

ஊறவைத்தான். தேய்த்தான். லேசாகவே தேய்த்தான், பூனைக்குட்டிக்குப் பல் விளக்குவதுபோல் மூச்சடக்கித் தேய்த்தான். நுரைக்கடல் நடுவிலிருந்து இளவெயில் எழுந்ததுபோல் சங்கிலி ஒளிவீசி எழுந்தது. அங்கேதான் விதி காலை நீட்டி இடறிவிட்டது. சுமை இறக்கி முடிந்ததும் தலைத்துண்டை அலசிப் பிழிந்து உதறுவது அவன் கைகளின் பழக்கம். அவற்றுக்கு அவன் புத்தியைக் கேட்டுச் செய்யும் வழக்கம் இல்லை. அலசியதைக் கைகள் பிழிந்தன. ஒரு முறுக்கு, எதிர்முறுக்கு, சளாரென்று ஓர் உதறல். எல்லாம் முடிந்தபின் அறிவு வந்து சேர்ந்தது, பஸ்ஸைத் தவறவிட்டவன் மூச்சிரைக்க வருவதுபோல.

உள்ளங்கையில் பகைவன் வீற்றிருந்தான். மிளகினும் சிறியோன், மலையினும் வீம்பு பெரியோன், தலையற்றோன், வாலற்றோன், எப்பக்கம் திருப்பினும் முதுகையே காட்டி, ஒருகாலும் புறமுதுகிடாத முடிச்சு வேந்தன்!

கிரேன் பொங்கினான். மலைப்பாம்பொத்த இரு கைகளாலும் சங்கிலியின் இரு முனையும் பற்றி, கால் ஊன்றி, இடுப்பைச் சாய்த்து இழுத்தான். படத்தில் தனக்கும் ஓர் ஓரம் உண்டு என்று தானே முடிவுசெய்து, முன்னதாகவே வந்து கண்ணாடிமுன் முகம் தீட்டிக்கொண்டிருந்த அவன் கொழுந்தியாள் திரும்பிப் பார்த்தாள்.

“மாமா, அது லாரிக் கயிறு இல்ல.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுதான் கால ஊனி இழுக்குறீங்களா?”

மிளகு கடுகாயிற்று. நகங்களை ஏவினான், சிமெண்டு தின்று மழுங்கிய அந்நகங்கள் பகைவனின் கோட்டை வாயிலைக்கூடக் காணாமல் திரும்பின. பற்களை ஏவினான்.

“முழுங்கிடாதீங்க மாமா. அப்புறம் ஸ்டுடியோவுல எக்ஸ்ரேதான் எடுக்கணும்.”

கூக்குரல் கேட்டுத் துணைப்படை வந்தது. துணைப்படை என்றால் பக்கத்து வீட்டு வெல்டர்; கையில் பிளேயர். இரும்புக் கதவுகள் பலவற்றை ஒட்டிய அம்மாவீரன், முடிச்சை ஒருகண் மூடி நோக்கி முழங்கினான்:

“இந்த எடத்துல ஒரே வெட்டு. நறுக்கிட்டு ஒரு வெல்டிங் பொட்டு வச்சு ஒட்டிக் குடுக்கிறேன். ஜென்மத்துக்கும் விடாது.”

“கேட்டுக்கு வைக்கிற பொட்ட என் பொண்டாட்டி கழுத்துக்கு வைக்கப் பாக்கிறியா? பிளேயர மடக்கிட்டு டீயக் குடி.”

துணைப்படை டீ குடித்தது.

பொழுது சாய்ந்தது. ஆலைச் சங்கு ஊதிற்று. கிரேனின் நெற்றியில், மூட்டை ஏற்றும்போதும் காணாத வேர்வை. அவள் வந்து திட்டினால் தாங்குவான். திட்டு வாங்கி வளர்ந்த உடம்பு. ஆனால் அவள் திட்டமாட்டாள். “பரவால்ல, விடுங்க” என்பாள். முடிச்சோடு சேர்த்து டப்பாவில் போட்டு மூடுவாள். வெறுங்கழுத்தோடு வந்து நின்று சிரிப்பாள். அந்தச் சுமைக்கு மட்டும் அவனிடம் தோள் கிடையாது.

அப்போது, மழை நாட்களில் லாரித் தார்ப்பாயைக் கட்டிய கயிறு அவன் நினைவில் விழுந்தது. நனைந்த முடிச்சை இழுத்தவன் கெட்டான். இழுக்க இழுக்க அது கல்லாகும். நாலு பக்கமும் தட்டி, வெளியே போகிற கயிற்றை உள்ளே தள்ள வேண்டும். தள்ளத்தள்ளத் தானே வாய் திறக்கும். இது தெரிந்த கை, தங்கத்தைக் கண்டதும் தடுமாறிவிட்டது.

“ஊக்கு ரெண்டு குடும்மா.”

கொழுந்தியாள் தோளிலிருந்து ஊக்கைக் கழற்றும் அவசரத்தில் பவுடர் டப்பாவைத் தட்டிவிட, மின்விசிறி அதை வாரி இறைக்க, தேர்க்கால் கிளப்பிய புழுதியென வெண்படலம் எழுந்து போர்க்களத்தையும் வீரனையும் டீ டம்ளரையும் ஒருங்கே மூடிற்று. வெல்டர் தும்மினான். முடிச்சு வேந்தன் மேனியெங்கும் வழுவழுப்பு ஏறிற்று. ஈதே தருணமெனக் கிரேன் தரையில் குப்புறப்படுத்து, சங்கிலியைச் சோற்றுத் தட்டின் முதுகில் கிடத்தி, யானை எறும்பின் காலில் முள்ளெடுக்கும் பதத்தோடு விரல்நுனியால் தட்டி, ஓர் ஊக்கால் பிடித்து, மறு ஊக்கால் தள்ளி, தள்ளியது சறுக்க மீண்டும் தள்ளி, கண்ணிக்குள் கண்ணி நெகிழ, நெகிழ்ந்த கண்ணி வாய் திறக்க, திறந்த வாய்வழி வால் வெளிவர, வெளிவந்த வாலைத் தலை பின்தொடர, முடிச்சு வேந்தன் முடிதுறந்து, நாடுதுறந்து, இருந்த இடமே தெரியாமல் போனான்!

பவுடர் போக மறுபடி அலசினான். பிழியத் துடித்த கைகளைக் கொழுந்தியாள் ஒரு பார்வையால் அடக்கினாள். ஒத்தி எடுத்தான்.

மனையாள் வந்தாள். விளக்கடியில் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைப் புருவத்தோடு மூவர் வரிசையாக நிற்பதையும் பார்த்தாள்.

“லேசாத்தான் தேச்சீங்களா?”

“லேசாத்தான்.”

“அப்படியே புதுசாட்டம் இருக்குங்க,” என்று சொல்லிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மாட்டியவள் முகம் பார்த்து வீரன் மூன்றடி வளர்ந்தான்.

வளர்ந்த கோலத்தோடே ஸ்டுடியோவில் நின்றான். முடிச்சு வேந்தனை முடித்த மாவீரன், நுண்பொன் காத்த நெடுங்காவலன், மனையாளின் அருகணைந்து, “நெருங்கி நில்லுங்க” என்று போட்டோக்காரர் சொன்னதும் இன்னும் அணைந்து, இரு சுமை ஏந்தும் திருத்தோளை முன்தள்ளி, மார்பு விரித்து, உலகம் அடங்கப் பார்க்கும் ஒளிவிழிகள் இமையாது நிற்க, மின்னலென வெளிச்சம் வெட்டிற்று!

படத்தில் சங்கிலி விழவில்லை, இவன் தோள் மறைத்துவிட்டது.