அலமாரிக்குள் ஒருவர் தூங்குகிறார்

படம் ஆரம்பித்துப் பன்னிரண்டாவது நிமிஷம், ஜோசப்ராஜ் பாய்ந்து போய்ப் புரொஜெக்டரின் கண்ணை உள்ளங்கையால் பொத்தினார்.

திரையில் ஓர் இளம்பெண் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை, அந்தக் கையில் முழ நீளக் கத்தி. அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை. ஆனால் உள்ளங்கை படத்தைத்தானே மறைக்கும், சத்தத்தை மறைக்குமா? இருட்டில் அவள் போட்ட அலறலில் திருமுல்லைவாயில் மாதா கோயில் ஹாலே ஒரு ஆட்டம் ஆடியது.

முன்வரிசைகளில் ஜெபமாலைக் குழுப் பெண்கள் இருபது பேர். அவர்களைத் திரட்டி வந்ததே அவர் மனைவி தெரசாதான். இத்தாலிப் படம், எடுத்த எடுப்பிலேயே கன்னியர் மடம், மணியோசை, மெழுகுவத்தி. யாரோ ஒரு புனிதையின் சரித்திரம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவர் ஜோசப்ராஜ். பத்து நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டு, திருப்தியாகச் சாப்பிடப் போன புத்திசாலி!

படம் யார் கொடுத்தது என்பதும் அவருக்குத் தெரியாது. ஹால் வாசலில் இருக்கும் யோசனைப் பெட்டிக்குள் ஒரு பென்டிரைவ் கிடந்தது. கூடவே, 'ஐம்பது வருஷத்துக்கு முந்தைய இத்தாலியப் படம். அவசியம் போடவும்' என்று டைப் அடித்த சீட்டு. கையெழுத்து இல்லை.

கடைசி வரிசையில் பங்குத்தந்தை நிர்மல் உட்கார்ந்திருந்தார். இளவயதில் ரோமில் படித்துவிட்டு வந்தவர். ஜோசப்ராஜ் நடத்தும் சினிமா மன்றத்துக்குக் கூட்டமே வருவதில்லை, ஹாலைத் தையல் வகுப்புக்குக் கேட்கிறார்கள், இன்றைய படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று போன வாரமே சொல்லியிருந்தார். ரிட்டயரான ஜோசப்ராஜுக்கு இந்த மன்றத்தை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. போயிற்று என்றால் தெரசாவோடு சேர்ந்து சீரியல்தான் பார்க்க வேண்டும்.

"இன்னா சார், அந்தப் பொண்ணு ஏன் கத்துச்சு?"

கேட்டது பக்கத்து வீட்டு நாகம்மாள். தெரசாவோடு வேடிக்கை பார்க்க வந்தவர். திரையில் ஓடிய இங்கிலீஷ் வரிகளைப் படிக்க முன்வரிசையில் ஆளில்லை. ஜோசப்ராஜ் மற்றொரு கையால் மைக்கைப் பிடித்தார்.

"கல்யாணம் நிச்சயமாயிடுச்சும்மா. சந்தோஷத்துல கத்துறா."

பெண்கள் உச்சுக்கொட்டி மகிழ்ந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஃபாதர் இருமினார்.

ஜோசப்ராஜ் சத்தத்தை அடியோடு குறைத்தார். அது தப்பாகப் போயிற்று. இப்போது படம் முழுவதற்கும் அவரே கதை சொல்ல வேண்டியதாகிவிட்டது. சரி, கெட்ட இடத்தைத் தாண்டிவிடலாம் என்று பத்து நிமிஷம் ஓட்டினார். நேராக அடுத்த கொலையில் போய் இறங்கினார். மறுபடி உள்ளங்கை.

இரண்டாமவளை அம்மா வீட்டுக்கு அனுப்பினார். மூன்றாமவளுக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை வாங்கிக் கொடுத்தார். நான்காவதாகத் தோட்டக்காரர். அப்போது பார்த்து மனுஷனுக்குக் கை வலித்து, ஒரு நொடி பிந்திவிட்டது. தோட்டக்காரர் அலமாரிக்குள் கண்ணை மூடிச் சரிந்து கிடந்ததை ஹாலே பார்த்தது.

"தூங்குறாரு" என்றார் ஜோசப்ராஜ்.

"அலமாரிக்குள்ளயா?"

"பாவம், ஊடு சின்னது."

நாகம்மாள் தெரசாவைப் பார்த்தார். தெரசா கணவரைப் பார்த்த பார்வையில், இன்று ராத்திரி சாப்பாடு இல்லை என்பது தெளிவாக இருந்தது. பின்னாலிருந்து மறுபடி இருமல், இந்தத் தடவை பலமாக. ஃபாதர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்திரம் பொங்குகிறது, எந்த நிமிஷமும் எழுந்து வந்துவிடுவார் என்று ஜோசப்ராஜ் நடுங்கினார்.

கடைசிக் காட்சி. துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் கூட்டிவைத்து, கறுப்புக் கையுறைக்காரரின் முகமூடியில் கை வைத்தார். முகமூடிக்குள் என்ன கோரமோ, ஏது கண்றாவியோ! ஜோசப்ராஜ் இரண்டு கையாலும் பொத்தினார். படம் முடிந்து எழுத்து ஓடும்வரை எடுக்கவே இல்லை.

"எல்லாரும் ஜெபத்துக்குக் கூடியிருக்காங்க" என்று இருட்டில் கத்தினார்.

"அப்ப வாசல்ல போலீஸ் ஜீப்பு நின்னுகினு இருந்துச்சே?"

"அவங்களும் ஜெபத்துக்குத்தான்."

விளக்குப் போட்டார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் குறை சொல்லவும் யாருக்கும் மனம் வரவில்லை. நல்ல படம், எல்லாப் பொண்ணுக்கும் வழி பொறந்துச்சு, அந்த ஊர்லதான் நம்ம ஊர் மாதிரியே அடிக்கடி கரண்ட் போவுது என்றார் நாகம்மாள். அம்பத்தூரிலிருந்து வந்திருந்த சிவராமன் ஃபேஸ்புக்கில் விமர்சனம் எழுதுகிறவர். அவர் ஜோசப்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு கொலையையும் காட்டாமல் வெறும் இருட்டை வைத்தே மிரட்டிவிட்டான் டைரக்டர், இதைப்போல் தான் பார்த்ததே இல்லை என்றார். ஜோசப்ராஜ் சிவந்திருந்த உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு ஃபாதர் வந்தார். முகம் வாடிக் கிடந்தது. ஜோசப்ராஜ் ஹால் சாவியை எடுத்து நீட்டினார்.

"மன்னிச்சிடுங்க ஃபாதர். யாரோ விஷமத்துக்குப் பெட்டியில போட்டிருக்காங்க. தையல் கிளாஸுக்கே குடுத்துடுங்க."

ஃபாதர் சாவியை வாங்கவில்லை. கதவுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரோம்ல நான் சாமியாருக்குப் படிச்ச செமினரியில இதே படம் போட்டாங்க. எங்க ரெக்டரும் இப்படித்தான் கடைசியில கையை வெச்சு மூடிட்டாரு. முப்பது வருஷமாக் கொலைகாரன் யாருன்னு தெரியாம தவிக்கிறேன், ஜோசப். அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதையே போடுங்க, கையை மட்டும் பாக்கெட்ல வெச்சுக்குங்க. ரூம்ல தனியாப் பாக்கப் பயமா இருந்துதுன்னுதான் உங்க பெட்டியில போட்டேன்."