விலக வந்த தலைவி

"இல்ல சார்" என்றுதான் அவள் சொன்னாள். டிரில் மாஸ்டரின் காதில் அது "எஸ் சார்" என்று விழுந்தது.

தப்பு முழுக்க அவர் காதுடையது என்று சொல்லிவிட முடியாது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயரே முணுமுணு. பேசினால் பாதிச் சொல் உதட்டுக்கு உள்ளேயே தங்கிவிடும். ஓவிய வகுப்பில் சேர வந்தவள், நடைவழியில் கண்ணில் பட்ட முதல் வரிசையின் வாலில் போய் ஒட்டிக்கொண்டாள். அது பள்ளியில் புதிதாகத் தொடங்கிய மாணவர் படைக்கு ஆள் சேர்க்கும் வரிசை. தலைமைப் பண்பு, குடிமைப் பொறுப்பு, அணிவகுப்பு எல்லாம் சொல்லித் தருவார்களாம். "படையில சேர வந்தியாம்மா?" என்று மாஸ்டர் கேட்டார். பதில் அப்படி விழுந்தது. அடுத்த நிமிஷம் அவள் தலையில் ஒரு தொப்பி இருந்தது.

ஓவிய டீச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ரெண்டு வகுப்பும் ஒரே நேரம்டா. அங்க இருந்து விலகிட்டு வா. இந்த டேர்ம் முடியற வரைக்கும் உன் இடத்தை யாருக்கும் தர மாட்டேன்."

விலகுவது என்ன பெரிய விஷயம் என்று மறுநாள் மாஸ்டர் முன் போய் நின்றாள்.

"சார், நான் வந்து..."

"நில்லு!" என்றார் அவர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். மெதுவாகப் பேசுவது எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. "படையில இருக்கறவங்க நேரா என்கிட்ட பேசக்கூடாது. எதுவா இருந்தாலும் பிரிவுத் தலைவர்கிட்ட எழுத்துல குடுக்கணும். அவர்தான் என்கிட்ட கொண்டு வரணும்."

"பிரிவுத் தலைவர் யாரு சார்?"

மாஸ்டர் நெற்றியைச் சொறிந்தார். "இன்னும் யாரையும் போடலையே." கொஞ்சம் யோசித்தார். "சரி, இப்போதைக்கு நீயே இரு."

அன்று மாலை முணுமுணு தன் விலகல் கடிதத்தைத் தனக்கே எழுதினாள். தானே வாங்கிப் படித்தாள். காரணம் நியாயமாகத்தான் பட்டது. "பரிந்துரைக்கிறேன்" என்று கீழே கையெழுத்துப் போட்டு மாஸ்டரிடம் நீட்டினாள்.

மாஸ்டர் கண்ணாடி இல்லாமல் தாளைக் கை எட்டும் தூரம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"தேதி இருக்கு. பொருள் இருக்கு. கையெழுத்து ரெண்டு இடத்துல இருக்கு! முப்பது பேர்ல ஒருத்தருக்காவது இப்படி முறையா ஒரு தாள் எழுதத் தெரியுமா?" என்று தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இனிமே மொத்தப் படைக்கும் நீதான் தலைவி."

"சார், அதுல என்ன எழுதியிருக்குன்னு..."

"அப்புறமா நிதானமாப் படிச்சுக்கறேன்."

வீட்டில் விஷயம் வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. சலவைக் கடை நடத்தும் அம்மா, சீருடைக்குக் கஞ்சி போட்டு, தேய்த்து, தானாகவே நிற்கும்படி ஆக்கி வைத்திருந்தாள்.

"அம்மா, நான் தெரியாம சேர்ந்துட்டேம்மா."

"தெரியாம சேர்ந்தே தலைவி ஆயிட்டியா? தெரிஞ்சு சேர்ந்திருந்தா என்ன ஆயிருப்பியோ!" என்றாள் அம்மா. அப்பா இரண்டு தெரு தள்ளியிருந்த சித்தி வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இனித் தானாக விலக முடியாது, அவர்களாகவே துரத்தினால்தான் உண்டு என்று முணுமுணுவுக்குப் புரிந்தது. அதற்கு வாய்ப்பும் வந்தது. கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருகிறார்; படை வாசலைப் பார்த்து நின்று வணக்கம் செலுத்த வேண்டும்.

அந்த நாளில் மொத்தப் பள்ளியும் பார்த்துக்கொண்டிருக்க, "வலப்பக்கம் திரும்பு" என்று சொல்ல வேண்டிய இடத்தில், அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இடப்பக்கம்... திரும்பு!" என்று கத்தினாள். அவள் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

படை முழுவதும் வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. தலைமை ஆசிரியை நெஞ்சில் கையை வைத்தார். சரி, ஒழிந்தது சனியன் என்று முணுமுணு கண்ணைத் திறந்தாள்.

எதிரே கல்வி அதிகாரி நின்றிருந்தார். முன்வாசலில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்ததால் கார் பின்வாசல் வழியாக வந்திருக்கிறது.

"நான் பின்பக்கமா வர்றது எனக்கே கடைசி நிமிஷத்துலதான் தெரியும்!" என்று அவர் வியந்து போனார். "இந்தப் பொண்ணு எப்படி கவனிச்சா?" அவர் கைதட்ட, எல்லோரும் தட்ட, மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. படுத்தி எடுப்பது. அத்தனை பேரும் சேர்ந்து "இந்தத் தலைவி வேண்டாம்" என்று கொடி பிடிக்கும் வரை படுத்துவது.

"நாளையில இருந்து சாயங்காலம் மட்டும் போதாது. காலைல ஆறு மணிக்கும் வரணும்!"

ஆறு மணிக்குத் தான் ஒருத்தி மட்டும்தான் நிற்கப்போகிறோம் என்ற நம்பிக்கையோடு போனாள். முப்பது பேரும் நின்றிருந்தார்கள். பாதிப் பேருக்குக் கண் திறக்கவில்லை. பின்வரிசைப் பெண் ஒருத்தி நின்றபடியே தூங்கினாள். மாஸ்டர் சீருடைக்குக் கீழே வீட்டுச் செருப்பு போட்டிருந்தார்.

மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னாள். ஓடினார்கள். மழையில் நிற்கச் சொன்னாள். நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பெருமூச்சு விட்டு, வந்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் கோவமே வராதா?" என்று பின்வரிசைப் பெண்ணிடம் கேட்டேவிட்டாள்.

அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டே, "பரவாயில்ல, உனக்குப் பிடிச்சிருக்கு இல்ல?" என்றாள். முணுமுணுவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கால் வலியைவிட இந்தக் குழப்பம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

டேர்மின் கடைசி நாள். ஓவிய அறையைத் தாண்டும்போது காலியாக இருந்த அந்த ஒரு நாற்காலி கண்ணில் பட்டது. நேரே பள்ளி அலுவலகத்துக்குள் போனாள். கதவருகே கணினியில் தட்டிக்கொண்டிருந்த எழுத்தர் அக்காவின் மேசை முன் விறைப்பாக நின்றாள்.

"அக்கா, மாணவர் படையில இருந்து என் பேரை எடுத்துடுங்க! நான் சேரவே வரல! வரிசை மாறி நின்னுட்டேன்! ஒரு நாள்கூட எனக்கு அது பிடிக்கல!"

ஒரு சொல்கூட உதட்டுக்குள் தங்கவில்லை. அக்கா பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்த டீயைத் தட்டிவிட்டாள். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தாள். வெயிலில் முப்பது பேரும் மாஸ்டரும் தலைவிக்காக வரிசையில் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"அடப்பாவமே! அந்த முப்பது பேரும் விலகறோம்னு எழுதிக் குடுத்து, படையைக் கலைச்சு மூணு வாரம் ஆச்சும்மா. நீ ஒருத்தி அவ்வளவு ஆசையா வர்றியே, உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் மாஸ்டர்ல இருந்து எல்லாரும் தினம் வந்து நிக்கறாங்க!"